நாடு பெரிதா, மூலை பெரிதா

எல் பாசோ, டெக்சாஸ்
ஆகஸ்ட் 14, 2010

அன்புள்ள ஓடில் பெரியம்மாவுக்கு,

மார்செல் எழுதுகிறேன். இந்த மழைக்காலத்தில் உங்கள் மூட்டு வலி எப்படி இருக்கிறது? இங்கே மழை என்ற பேச்சே இல்லை. என்னைக் கேட்டால், முதுகைத் தவிர மற்றதெல்லாம் நலம்.

அந்த முதுகைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. முதியோர் இல்லத்தில் இத்தனை வருடமாக ஆட்களைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கும் நாற்காலியிலிருந்து கட்டிலுக்கும் தூக்கி வைத்ததில் எலும்புக்கு நடுவில் இருக்கும் வட்டு ஒன்று நகர்ந்துவிட்டதாம். இனி யாரையும் தூக்கக் கூடாது என்கிறார் மருத்துவர். மேற்பார்வையாளர் திருமதி ஹாப்ட் என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

"உன் மேல எனக்குக் கோபமே இல்ல மார்செல். ஆனா தூக்க முடியாத உதவியாள வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது சொல்லு? நீ நர்ஸா இருந்தா பரவாயில்ல. அவங்க தூக்க மாட்டாங்க, ஆளக் கூப்பிடுவாங்க. படிச்சுட்டு வா. அடுத்த செப்டம்பர் வரைக்கும் லேசான வேலையா பாத்துக் குடுக்கறேன். அதுக்கு மேல என் கையில இல்ல."

ஆகவே முப்பத்தாறு வயதில் படிக்கப் போகிறேன். மாநில நர்சிங் கல்லூரியில் சேர, உடற்கூறியல், வேதியியல் போன்ற அடிப்படைப் பாடங்களை ஒரு வருடம் வேறு கல்லூரியில் முடித்திருக்க வேண்டும். இரண்டு இடங்கள் பார்த்தேன். ஒன்று மாவட்ட அரசுக் கல்லூரி. வகுப்புகள் நிரம்பிவிட்டன, ஜனவரி வரை காத்திருக்கச் சொல்கிறார்கள். இன்னொன்று மெசா டொராடா கல்லூரி. கடைத்தெரு வளாகத்தில் மெத்தைக் கடைக்கும் பல் மருத்துவருக்கும் நடுவில் இருக்கிறது. வருகிற திங்களே ஆரம்பிக்கலாமாம். அரசுக் கல்லூரியின் தாளில் 'வட்டார அங்கிகாரம் பெற்றது' என்று போட்டிருக்கிறது. மெசா டொராடாவின் தாளில் 'தேசிய அங்கீகாறம் பெற்றது' என்று தங்க எழுத்தில். இரண்டையும் இதோடு வைத்திருக்கிறேன். சேர்க்கை அதிகாரி திரு. கோல்பி பின்பக்கம் தன் தொலைபேசி எண்ணை எழுதித் தந்தார்.

அம்மா கடைசி வரை ஒன்றைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்: "எதுன்னாலும் ஓடில்கிட்ட கேளு. அவ படிச்சவ." கேட்கிறேன்.

உங்கள் அன்பு மகள்,
மார்செல்


பெல் ரிவியேர், லூசியானா
ஆகஸ்ட் 23, 2010

அன்பு மகள் மார்செலுக்கு,

உன் கடிதம் புதனன்று வந்தது. மூட்டுகள் அவற்றின் வேலையைச் செய்கின்றன, நான் என் வேலையைச் செய்கிறேன். முதுகுக்கு வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றி வை, வெறும் பையை வைக்காதே. 'அங்கீகாரம்' என்பதை இரண்டு இடத்தில் இரண்டு விதமாக எழுதியிருக்கிறாய். இரண்டும் தவறு.

நீ அனுப்பிய தாள்களை வரி வரியாகப் படித்தேன். அரசுக் கல்லூரியின் தாளில் மூன்றாவது வரியிலேயே எழுவாய் ஒருமை, பயனிலை பன்மை. பாடம் சொல்லிக் கொடுக்கும் இடத்தில் அதைக்கூடப் பார்க்க ஆள் இல்லை. இங்கே எங்கள் பக்கத்து அரசுக் கல்லூரியைப் பற்றி, உயர்நிலைப் பள்ளியில் சிகரெட்டுக்குச் சாம்பல் கிண்ணம் வைத்தால் அதுதான் கல்லூரி என்று சொல்லிச் சிரிப்பார்கள். மெசா டொராடாவின் தாளில் ஒரு பிழை இல்லை.

அங்கீகார விஷயத்துக்கு வருகிறேன். ஒரு சொல்லைப் படித்தால் அதன் பொருளையும் படிக்க வேண்டும் என்று கான்வெண்டில் கன்னியர்கள் எங்களுக்குப் பழக்கினார்கள். ஒன்று தேசியம், மற்றது வட்டாரம். நாடு பெரிதா, அதில் ஒரு மூலை பெரிதா? இரண்டு நாள் யோசித்து நான் வந்த முடிவு இது. மெசா டொராடாவில் சேர்ந்துவிடு.

ஞாயிறு பூசை முடிந்து நோட்டரி எல்ஃபேஜ் துகா வழி மறித்தான். "என்ன மேடம், இந்த வாரம் கோயில் அறிக்கையில பிழை ஒண்ணும் இல்லையே? நான் மூணு தடவ பாத்தேன்" என்றான். இரண்டு கமா இல்லை என்றேன். "உங்கள மாதிரி படிச்சவங்க இருக்கற ஊர்ல பயந்துக்கிட்டுதான் எழுத வேண்டியிருக்கு" என்று போனான். உன்னைப் பற்றியும் சொன்னேன். ஊர் முழுதும் உனக்காக வேண்டிக்கொள்ளும்.

ஆசிகளுடன்,
உன் பெரியம்மா ஓடில் ஆர்சனோ


எல் பாசோ
நவம்பர் 9, 2010

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

உங்கள் அத்திப்பழ ஜாம் உடையாமல் வந்தது. உங்கள் கண்புரைக்கு நாள் குறித்தார்களா?

நான் உங்கள் சொற்படி சேர்ந்துவிட்டேன். முதல் பருவத் தேர்வில் எல்லாப் பாடத்திலும் முழு மதிப்பெண். நம்புவீர்களா? நானே நம்பவில்லை. என்னோடு லூப்பே என்று ஒருத்தி படிக்கிறாள். துணி வெளுக்கும் கடையில் வேலை, மூன்று பிள்ளைகள். மதிப்பெண் தாளைப் பார்த்துவிட்டு, "ஏண்டி, நம்ம ரெண்டு பேருமே மேதைங்களா? இல்ல வாத்தியாருக்குக் கண்ணு தெரியலையா?" என்றாள். வகுப்பே சிரித்தது. ஆசிரியரும் சேர்ந்து சிரித்தார்.

வேதியியல், உடற்கூறியல், உளவியல் மூன்றுக்கும் அவர் ஒருவர்தான். திரையில் ஓடுவதை வாசிப்பார். சோதனைக்கூடத்தில் பிளாஸ்டிக் உடம்பு ஒன்று இருக்கிறது. அதில் கல்லீரலைக் காணோம். "கல்லீரல் இங்க இருக்கறதா நெனச்சுக்குங்க" என்று காலி இடத்தைக் காட்டினார். லூப்பே என் காதில், "எம் புருஷனுக்கும் இப்படித்தான் போகப்போவுது" என்றாள்.

கோல்பி அடிக்கடி வகுப்பறையில் எட்டிப் பார்த்து, "சந்தோஷமா இருக்கீங்களா?" என்று கேட்கிறார். எல்லோரும் தலையாட்டுவோம். வேலையும் படிப்புமாக உட்கார்ந்தே இருப்பதால் வலி காலுக்கு இறங்கியிருக்கிறது. மே மாதம் முடித்துவிட்டால் போதும்.

உங்கள் அன்பு மகள்,
மார்செல்


பெல் ரிவியேர்
டிசம்பர் 2, 2010

அன்பு மகள் மார்செலுக்கு,

கண்புரைக்கு வசந்தத்தில் பார்க்கலாம் என்கிறார்கள். அதுவரை ஒரு கண்ணால் உலகத்தைப் பார்த்தால் போதும், அதற்குமேல் பார்க்கவும் ஒன்றுமில்லை.

உன் மதிப்பெண்களைக் கோயில் வாசலில் சொன்னேன். எல்ஃபேஜின் மனைவி வாயைப் பிளந்தாள். அவள் மகன் பெரிய மாநிலப் பல்கலைக்கழகத்தில் வேதியியலில் தோற்றுவிட்டான். "அங்கயெல்லாம் சும்மாவே பாதிப் பேரத் தூக்கி வெளிய போட்டுர்றாங்க மேடம்" என்று குறைபட்டாள். படிக்கிற பிள்ளைக்கு எந்த இடமும் கடினமில்லை என்று பதில் சொன்னேன்.

ஆனால் ஒன்று மனதில் உறுத்துகிறது. எங்கள் கான்வெண்ட் ஆசிரியை மதர் செயின்ட் இக்னாஸ் யாருக்கும் முழு மதிப்பெண் தந்ததில்லை. எனக்கும் தந்ததில்லை. குறையில்லாதவர் ஆண்டவர் ஒருவரே, அவர் பரீட்சை எழுதுவதில்லை என்பார். ஒரு வகுப்பே முழு மதிப்பெண் வாங்கியதாக நான் கேட்டதில்லை.

ஆகையால் அடுத்த கடிதத்தில் எனக்கு ஒரு பாடம் எழுது. உடம்பெல்லாம் சுற்றி வந்த இரத்தம் இதயத்தின் எந்த அறைக்குள் நுழைகிறது, அங்கிருந்து எப்படி நுரையீரலுக்குப் போய்த் திரும்புகிறது என்பதை, புத்தகத்தைப் பார்க்காமல், உன் சொற்களில் எழுது. ஒரு பக்கம் போதும். எழுத்துப் பிழையை இந்த ஒரு தடவை மன்னிக்கிறேன்.

கிறிஸ்து பிறப்பு உன் வீட்டுக்கும் வரட்டும்.

ஆசிகளுடன்,
பெரியம்மா


எல் பாசோ
பிப்ரவரி 6, 2011

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னியுங்கள். குளிர் உங்கள் மூட்டுகளை விட்டு வைத்ததா? பீக்கன் கேக்குக்கு நன்றி. கிறிஸ்துமஸுக்கு லூப்பே வீட்டில் தமாலே என்ற சோளமாவுப் பலகாரம் செய்தார்கள். அவள் பிள்ளைகள் மூவரும் என் மடியில் ஏறப் பார்க்க, அவள் அதட்டினாள்: "டேய், அத்தைக்கு முதுகு செத்துப்போச்சு. எறங்குங்கடா."

இரண்டாம் பருவமும் நன்றாகப் போகிறது. மறுபடியும் முழு மதிப்பெண்தான். இல்லத்தில் எனக்கு இப்போது மருந்து டப்பாக்களை அடுக்கும் வேலை. சென்ற வாரம் ஒரு முதியவர் வழுக்கி விழப்போனபோது பழக்கத்தில் பிடித்துவிட்டேன். இரண்டு நாள் எழுந்திருக்க முடியவில்லை. திருமதி ஹாப்ட் பார்த்தும் பார்க்காததுபோல் போனார்.

செப்டம்பருக்குள் நர்சிங் கல்லூரியில் என் பெயர் இருந்தால் அவர் எனக்கு உட்கார்ந்து பார்க்கும் இரவு வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் தினமும் எழுகிறேன்.

பிறகு விரிவாக எழுதுகிறேன்.

உங்கள் அன்பு மகள்,
மார்செல்


பெல் ரிவியேர்
மார்ச் 1, 2011

அன்பு மகள் மார்செலுக்கு,

நான் நலம். உன் முதுகுக்காகப் புனித ரோக்கின் முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

நீ இதயத்தைப் பற்றி எழுதவில்லை. மறந்துவிட்டாய் என்று வைத்துக்கொள்கிறேன்.

ஆசிகளுடன்,
பெரியம்மா


எல் பாசோ
ஜூன் 17, 2011

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

உங்கள் கண் நன்றாக ஆறியிருக்கும் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தைப் படிக்க நல்ல கண் வேண்டும், நிறைய அடித்துத் திருத்தியிருக்கிறேன்.

மெசா டொராடாவின் சான்றிதழோடு நேற்று மாநில நர்சிங் கல்லூரிக்குப் போனேன். சன்னலில் இருந்த பெண் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அம்மா, இது இங்க செல்லாது."

"எல்லாப் பாடத்துலயும் முழு மார்க்குங்க."

"அதுக்கில்லம்மா. இது தேசிய அங்கீகாரம். எங்களுக்கு வட்டார அங்கீகாரம் வேணும்."

"தேசியம்னா அதவிடப் பெருசுதானே?"

அவள் கேலியாகச் சிரிக்கவில்லை, அதுதான் என்னை உடைத்தது. "இங்க வர்றவங்கள்ல பாதிப் பேர் இப்படித்தான் கேக்கறாங்கம்மா. பேர்தான் அப்படி. நல்ல கல்லூரி, பல்கலைக்கழகம் எல்லாம் வட்டாரத்துலதான் இருக்கு. பக்கத்து அரசுக் கல்லூரிகூட வட்டாரம்தான். அங்க ஒரு வருஷம் படிச்சிருந்தீங்கன்னா இன்னிக்கே சேத்திருப்பேன்."

முதலிலிருந்து எல்லாம் படிக்க வேண்டுமாம். பாடம் தெரியும் என்றால் தேர்வு எழுதிக் காட்டலாம், தேறினால் சேர்த்துக்கொள்வோம் என்று உடற்கூறியல் மாதிரித் தாள் ஒன்று கொடுத்தாள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். முதல் பக்கத்தில் ஒரு கேள்விக்குக்கூட எனக்கு விடை தெரியவில்லை. தாளை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

நீங்கள் கேட்ட பாடத்தை நான் மறக்கவில்லை பெரியம்மா. எழுத உட்கார்ந்தேன். இரத்தம் எந்த அறைக்குள் நுழைகிறது என்று எனக்குத் தெரியவில்லை. முழு மதிப்பெண் வாங்கியிருந்தேன், தெரியவில்லை. புத்தகத்தைப் பார்த்து எழுதி உங்களை ஏமாற்ற மனம் வரவில்லை.

செப்டம்பர் வந்துகொண்டிருக்கிறது. படிக்க லாயக்கில்லாதவள் படிக்கப் போனால் இப்படித்தான் ஆகும்போல.

மார்செல்


பெல் ரிவியேர்
ஆகஸ்ட் 8, 2011

அன்பு மகள் மார்செலுக்கு,

கண் ஆறிவிட்டது. பதில் தாமதமானதற்குக் காரணம், ஜூலையில் புயல் வரும் என்று சன்னலுக்கெல்லாம் பலகை அடித்தோம். வரவில்லை. பலகையைக் கழற்ற ஆள் கிடைக்கவில்லை. வீடு இருட்டாகவே இருந்தது. வெண்டைக்காய் இந்த வருடம் நன்றாகக் காய்த்தது. கம்போக் குழம்புக்கு வேண்டியதைப் பக்கத்து வீடுகளுக்கும் கொடுத்தேன்.

உன் செய்தி வருத்தம் தந்தது. சன்னலில் இருந்த பெண் தினமும் எல்லோரிடமும் பேசுவதுபோல் உன்னிடம் பேசியது எனக்குப் பிடிக்கவில்லை. நீ லாயக்கில்லாதவள் இல்லை. உன் அம்மாவுக்கும் தன்னைத் தாழ்த்திக்கொள்ளும் பழக்கம் இருந்தது, அது நல்ல பழக்கமல்ல.

சொற்களைப் பற்றி இனிப் பேசிப் பயனில்லை. ஜெபம் செய். வெந்நீர்ப் பையை விடாதே. திருமதி ஹாப்டிடம் பணிவாக இன்னும் கொஞ்சம் அவகாசம் கேட்டுப் பார்.

ஆசிகளுடன்,
பெரியம்மா


எல் பாசோ
செப்டம்பர் 26, 2011

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும். எனக்கு வேலை போய்விட்டது. திருமதி ஹாப்ட் கேக் வெட்டி அனுப்பினார்.

இனி நான் எழுதுவதைக் கவனமாகப் படியுங்கள். மெசா டொராடாவைப் பற்றிப் பல பேர் புகார் செய்ததில் மாநில உயர்கல்வி அலுவலகம் ஒரு குழு அமைத்தது. அந்தக் கல்லூரி பொய் சொல்லித்தான் சேர்த்தது என்று நிரூபிப்பவர்களுக்கு, அடிப்படைப் பாடங்களையும் நர்சிங்கையும் சேர்த்தே படிக்க, மாநிலக் கல்லூரியில் ஜனவரியில் சில இடங்கள் ஒதுக்குகிறார்கள். மற்றவர்கள் காத்திருப்போர் வரிசையில் நிற்க வேண்டும், அது பல வருடம் நீளம். சென்ற வாரம் என்னை விசாரித்தார்கள்.

"தேசியம்தான் ஒசத்தின்னு உங்ககிட்ட யார் சொன்னது? கோல்பி சொன்னாரா?" என்று தலைவி கேட்டார்.

என்னிடம் கோல்பி அதைச் சொல்லவில்லை. தங்க எழுத்தைத் தடவிக் காட்டிச் சிரித்தார், அவ்வளவுதான். நான் பொய் சொல்ல முடியாது. உங்கள் பெயரையும் சொல்ல முடியாது. "நானே நெனச்சுக்கிட்டேங்க" என்றேன். தலைவி பேனாவை மூடினார். என் மனுவைத் தள்ளிவிட்டார்கள். புதிய சாட்சி இருந்தால் அக்டோபர் முடிவதற்குள் தரலாம்.

எனக்குப் பின்னால் லூப்பேயைக் கூப்பிட்டார்கள். அவள் சொன்னாள்: "எங்கிட்ட ஃபோன்ல சொன்னாருங்க. நான் எது ஒசத்தின்னு கேட்டேன். 'நாடு பெருசா, அதுல ஒரு மூலை பெருசா'ன்னு கேட்டாரு." சாட்சி இருக்கிறதா என்றார்கள். அவளுக்கு இல்லை. கல்லூரியின் வக்கீல், இப்படி ஒரு வாக்கியத்தை எங்கள் ஆள் சொன்னதேயில்லை என்கிறார்.

பெரியம்மா, அந்த வாக்கியத்தை நான் முதலில் படித்தது உங்கள் கடிதத்தில். வீட்டுக்கு வந்து எடுத்துப் பார்த்தேன். அதே சொற்கள். நான் உங்களுக்கு அனுப்பிய தாளின் பின்னால் கோல்பியின் எண் இருந்தது.

நீங்கள் அவரோடு பேசினீர்களா?

மார்செல்


எல் பாசோ
அக்டோபர் 19, 2011

பெரியம்மாவுக்கு,

உடம்பு சரியில்லையோ என்று பயந்து கோயில் அலுவலகத்துக்குத் தொலைபேசினேன். ஞாயிறுதோறும் பூசைக்கு வருகிறீர்கள் என்றார்கள். நன்று.

இன்னும் சில நாட்களே இருக்கின்றன. இரண்டு வரி போதும். பேசினேன் என்றோ இல்லை என்றோ.

மார்செல்


பெல் ரிவியேர்
நவம்பர் 8, 2011

அன்பு மகள் மார்செலுக்கு,

நான் நலமாகத்தான் இருக்கிறேன். அதுவே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பேசினேன். சென்ற வருடம் உன் கடிதம் வந்த அன்றே பேசினேன். காதுக் கருவியைச் சரிசெய்துகொண்டு, இரண்டு அங்கீகாரத்தில் எது உயர்ந்தது என்று கேட்டேன். அவன் சொன்னது இது: "மேடம், நீங்க படிச்சவங்கன்னு கொரல்லயே தெரியுது. உங்களுக்குப் போய் நான் சொல்லணுமா? நாடு பெருசா, அதுல ஒரு மூலை பெருசா?" படித்தவர் என்று அவன் சொன்னவுடன் அதற்குமேல் கேட்க எனக்குத் தோன்றவில்லை. தொலைபேசியை வைத்துவிட்டு அதையே என் யோசனையாக உனக்கு எழுதினேன். இரண்டு நாள் யோசித்ததாகவும் எழுதினேன். ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

உன் செப்டம்பர் கடிதம் வந்தபின் தினமும் பதில் எழுத உட்கார்ந்தேன். அந்த இடம் வந்ததும் எழுந்துவிடுவேன். நீ என் பெயரைச் சொல்லாமல் விட்ட வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நேற்று எல்ஃபேஜின் அலுவலகத்துக்குப் போய் வாக்குமூலம் எழுதித் தரச் சொன்னேன். அவன் தட்டச்சு செய்துகொண்டே வந்தான்.

"'எனக்குத் தவறான தகவல் தரப்பட்டது'ன்னு போடவா மேடம்? கொஞ்சம் கௌரவமா இருக்கும்."

"ஏமாந்தேன்னு போடு."

"ஏமாந்தேன்னா?"

"எழுத்துப் பிழை இல்லாம."

கொஞ்ச நேரம் தட்டினான். பிறகு, "சாட்சியோட படிப்புன்னு ஒரு எடம் இருக்கு. எந்தக் காலேஜ் மேடம் நீங்க? நான் கேட்டதே இல்ல பாருங்க."

"காலேஜ் இல்ல எல்ஃபேஜ். கான்வெண்ட்ல பன்னெண்டாவது. அதோட சரி."

அவன் கை நின்றுவிட்டது. "மேடம், நாங்கல்லாம் இத்தன வருஷமா..."

"நீங்கல்லாம் கேக்கல. நானும் சொல்லல. போடு."

கல்லூரி வாசலை நான் மிதித்ததில்லை மார்செல். எந்தக் கல்லூரி எப்படிப்பட்டது, யார் யாரை அங்கீகரிக்கிறார்கள் என்று எனக்கு எதுவும் தெரியாது. எழுவாய் பயனிலை தெரியும். உன் அம்மா என்னைப் படித்தவள் என்றது அந்த அளவுக்குத்தான்.

வாக்குமூலத்தை விரைவுத் தபாலில் குழுவுக்கு அனுப்பிவிட்டேன். அக்டோபர் முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். இந்த வீட்டில் ஓர் அறை காலியாக இருக்கிறது.

உன் பெரியம்மா,
ஓடில்


எல் பாசோ
டிசம்பர் 11, 2011

பெரியம்மாவுக்கு,

உங்கள் வாக்குமூலத்தைக் குழுவின் முன்னால் உரக்கப் படித்தார்கள். அந்த வாக்கியம் வந்தபோது அறையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். "எங்கிட்டயும் இதேதான்" என்று பின் வரிசையிலிருந்து ஒரு குரல், "எங்கிட்டயும்" என்று இன்னொரு குரல். கல்லூரியின் வக்கீல் தண்ணீர் குடித்தார். கோல்பி சொன்னதாக முன்பே சொல்லியிருந்தவர்களின் மனுக்கள் இன்னும் திறந்திருந்தன. அவர்கள் எல்லோருக்கும் இடம் கிடைத்தது. லூப்பேக்கும் கிடைத்தது.

என் மனு அக்டோபரோடு மூடப்பட்டுவிட்டது. தலைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பத்து நாள் முன்னாடி வந்திருந்தா முதல் எடம் உங்களுக்குத்தாம்மா" என்றார். அவர் நல்ல பெண்மணி, கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் துடைத்துக்கொள்ளவில்லை.

வாசலில் லூப்பே என்னைக் கட்டிக்கொண்டு, "ஒன் பெரியம்மாவுக்கு என் ஆயுசுல பாதியக் குடுப்பேன்டி" என்றாள். சந்தோஷப்பட்டேன். அவளுக்காக உண்மையாகவே சந்தோஷப்பட்டேன். பிறகு வீட்டுக்கு வந்து பாத்திரங்களைக் கட்டினேன்.

இந்த மாதத்தோடு வீட்டைக் காலி செய்கிறேன். மாதக் கடைசி வியாழக்கிழமை பேருந்தில் கிளம்பி வெள்ளி மாலை அங்கே வந்து சேருவேன். நிலையத்துக்கு வர வேண்டாம். மன்னித்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். போவதற்கு வேறு இடம் இல்லை, அதனால் வருகிறேன். ஜனவரியில் உங்கள் பக்கத்து அரசுக் கல்லூரியில் முதல் பாடத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். விண்ணப்பம் போட்டுவிட்டேன், யாரையும் கேட்கவில்லை. என் படிப்பைப் பற்றி அந்த வீட்டில் நான் பேசினால் ஒழிய நீங்கள் பேச வேண்டாம்.

அந்த அறையில் கட்டில் உயரமாக இருக்கட்டும். தாழ்ந்த கட்டில் என்றால் என்னைத் தூக்கிவிட ஆள் வேண்டும்.

மார்செல்